ஒரே நடையில் கொடுத்த டி.சி.

போன வாரம் மதியம், தட்டில் சோறு போட்டு உட்கார்ந்த நேரத்தில், நம் ஊட்டிக் கல்லூரி அலுவலகத்தில் இருந்து உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தீர்கள். பெயரைச் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம். "மேடம், சோலூர்ல இருந்து ஒரு பையன் வந்து நிக்கிறானுங்க. வேற காலேஜுக்கு மாறணுமாம். பாவமுங்க, பஸ்ஸு மாறி வந்திருக்கான். இன்னைக்கே டி.சி. குடுத்து அனுப்பிடலாமுங்களா?" என்று கேட்டீர்கள். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். சோறு ஆறிப்போனது. அந்தக் கோபம் இன்னும் தீராததால்தான் இதை எழுதுகிறேன். ஓய்வு பெற்ற பிறகும் என்னைக் கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளராகவே வைத்திருக்கிறீர்களே, அந்தக் கோபமும் கொஞ்சம் இருக்கிறது.

மாறுதல் கேட்டு வருகிறவர்களைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. அருவங்காட்டுப் பக்கம் இருந்து ஒரு அப்பா வருவார். பாதுகாப்புத் துறையில் வேலை. ஆகஸ்ட் மாதம் நடுவில் அவருக்கு வெளியூர் மாற்றல் உத்தரவு வந்திருக்கும். சமையல் காஸ் கனெக்‌ஷனை மாற்றுவதுபோல மகனையும் மாற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு நம் ஜன்னலுக்கு முன்னால் நிற்பார். மூன்று ஊர்களில் மூன்று கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டிருப்பார், ஒன்றிடமும் மற்றதைப் பற்றிச் சொல்லியிருக்க மாட்டார். ஒன்று ஏற்கெனவே வகுப்பை ஆரம்பித்திருக்கும், இன்னொன்று தேர்வு முடிவு வராமல் பேசவே மாட்டேன் என்னும், மூன்றாவது வேறு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததாக இருக்கும். "எல்லாம் காலேஜ்தானே மேடம்?" என்பார். தொண்டைத் தண்ணீர் வற்ற விளக்கிச் சொன்னாலும் கடைசியில் "சரி, டி.சி.ய மட்டும் குடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்பார். எல்லோரும் கடைசியில் அந்த டி.சி.யிலேயே வந்து நிற்பார்கள். அதைக் கையில் வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைப்பு.

அப்படி நினைத்த ஆட்களில் முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன்.

செல்போன் எல்லோர் கைக்கும் வந்திராத காலம். நவம்பர் மாதம், செமஸ்டர் தேர்வு முடிந்த சமயம். நடுவட்டத்தில் இருந்து ஒரு அம்மாவும் மகளும் முதல் பஸ் பிடித்து வந்து, அலுவலகம் திறக்கும் முன்பே வாசலில் நின்றிருந்தார்கள். அம்மா தவமணி, எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, சிறு வயதில் இங்கே வந்தவர். மகள் கோகிலா நம் கல்லூரியில் தாவரவியல் இரண்டாம் ஆண்டு. தவமணி அம்மாவுக்கு அந்த ஆண்டோடு வேலை ஓய்வு. எஸ்டேட் வீட்டைப் பொங்கலுக்குள் காலி செய்ய வேண்டும். மகன் கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் வேலை பார்த்தான். இருவரும் அவனிடம் போய்விடுவது என்று முடிவாகிவிட்டது. நம் கல்லூரி விடுதியில் இடமில்லை, ஊட்டியில் சொந்தம் என்று சொல்ல ஆளில்லை. கோயம்புத்தூர்க் கல்லூரிக்கு மாறினால் கோகிலா படிப்பாள், இல்லாவிட்டால் அண்ணனோடு கம்பெனிக்குப் போவாள். மூன்றாம் ஆண்டில் அந்தக் கல்லூரி யாரையும் சேர்ப்பதில்லை. ஆகவே இந்த ஒரு செமஸ்டரை விட்டால் வேறு வழியே இல்லை.

இதில் இன்னொரு கோளாறு. அந்தக் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரி. அடுத்த செமஸ்டரை நமக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்கிவிடுவார்கள். பாடம் ஒன்றுதான், பல்கலைக்கழகமும் ஒன்றுதான், காலண்டர் மட்டும் வேறு. அங்கே இருந்த எழுத்தர் கோகிலாவிடம் வாய்வார்த்தையாக, "எடம் இருக்கும்மா, டி.சி. வாங்கிட்டு வா" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

முறைப்படி என்ன செய்ய வேண்டும்? முதலில் அந்தக் கல்லூரி, இடம் உண்டு என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். பிறகு நாம், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று கொடுக்க வேண்டும். இரண்டையும் வைத்துப் பல்கலைக்கழகம் உத்தரவு போட வேண்டும். அந்த உத்தரவைக் கண்ணால் பார்த்த பிறகுதான் டி.சி. புத்தகத்தைத் திறக்க வேண்டும். எனக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தே செய்தேன்.

ஏன் செய்தேன்? தவமணி அம்மாவுக்கு முழங்கால் வலி. படியேறும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று வந்தார். நடுவட்டத்து பஸ் எப்போது வரும், எப்போது வராது என்று உங்களுக்கே தெரியும். வழியில் ஒரு மரம் விழுந்தால் அன்றைய நாளே போச்சு. நம் மலைக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. டவுனுக்கு ஒரு நடை வந்தால் ரேஷன் கடையில் இருந்து ரத்தப் பரிசோதனை வரைக்கும் அதே நடையில் முடித்துக்கொண்டு போக வேண்டும். "வந்தது வந்தாச்சு, முடிச்சிடலாம்" என்போம். நானும் அதே மலையில் வளர்ந்தவள்தானே. வந்தது வந்தாயிற்று, ஒரே நடையில் முடித்துக் கொடுப்போம், கோயம்புத்தூரில் வகுப்பு வேறு தொடங்கப் போகிறது என்று, கோகிலாவிடம் ஒரு விண்ணப்பம் எழுதி வாங்கிக்கொண்டு, ஆட்சேபணை இல்லை கடிதத்தையும் டி.சி.யையும் சேர்த்தே எழுதினேன். முதல்வர் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார். வருகைப் பதிவேட்டில் கோகிலாவின் பெயரைச் சிவப்பு மையால் அடித்தேன்.

தவமணி அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்க நல்லா இருக்கணும்மா" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மதியத்துக்குள் ஒரு மாறுதல் வேலையை முடித்த கண்காணிப்பாளர் இந்த மாவட்டத்திலேயே நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே நாலு அறை அறையலாம் போல இருக்கிறது.

டிசம்பர் மூன்றாவது வாரம், ஒரு திங்கட்கிழமை, தபாலில் ஒரு கடிதம் வந்தது. கோயம்புத்தூர்க் கல்லூரி அனுப்பிய விண்ணப்பத்தைப் பல்கலைக்கழகம் திருப்பி அனுப்பிவிட்டது. அந்தக் கல்லூரி நமக்கு அதன் நகலை அனுப்பியிருந்தது. மாணவி தற்போது எந்தக் கல்லூரியின் பதிவேட்டிலும் இல்லாததால் மாறுதலைப் பரிசீலிக்க இயலாது என்று இருந்தது. கல்லூரியில் இருக்கிற பிள்ளையைத்தானே மாற்ற முடியும்? நான்தான் அவளைக் கல்லூரியில் இருந்தே எடுத்துவிட்டேனே. அடியில், வருகிற வெள்ளிக்கிழமையோடு சேர்க்கையை முடித்துக்கொள்வதாக அந்தக் கல்லூரி ஒரு வரி சேர்த்திருந்தது.

அந்த நேரத்தில் நான் முதலில் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அந்தப் பெண் என்ன ஆனாளோ என்று நினைக்கவில்லை. கோப்பை எடுத்து, அவள் எழுதிக் கொடுத்த விண்ணப்பம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. "எனக்கு மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று குண்டு குண்டான எழுத்தில், கீழே கையெழுத்தோடு. எனக்கு மூச்சு வந்தது. அப்படி மூச்சு வந்ததற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

முதல்வரிடம் கொண்டுபோனேன். அவரும் அந்தத் தாளைத்தான் முதலில் பார்த்தார். அந்தப் பெண்ணே கேட்டு வாங்கியிருக்கிறாள், நாம் என்ன செய்ய முடியும், அப்படியே பதில் எழுதிக் கோப்பை மூடுங்கள் என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு ஆயிரம் தொல்லை. நானும் சரி சார் என்று வெளியே வந்து, தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் சொருகிவிட்டேன். முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. அந்தப் பெண்ணுக்கு டி.சி. என்றால் என்ன என்று தெரியாது. கேட்கச் சொன்னார்கள், கேட்டாள். தெரிந்து வைத்திருப்பதற்குத்தானே என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள்.

திரும்ப உள்ளே போனேன். தவறு அலுவலகத்துடையது என்று எழுதி, டி.சி.யை ரத்து செய்து, மறுபடி முறையாக அனுப்பலாம் என்றேன். முதல்வர் கோப்பை மறுபடி புரட்டினார். பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டார். "ரத்து பண்ணிடலாம். நம்ம செமஸ்டர் தொடங்கி இத்தனை நாளாச்சு. இத்தனை நாளும் அந்தப் பொண்ணு நம்ம மாணவின்னு சொல்றதுக்கு வருகைப் பதிவு எங்க இருக்குதுங்க?"

வருகைப் பதிவை நான்தான் சிவப்பு மையால் அடித்திருந்தேன். இரண்டு கல்லூரி நாட்களையும் கூட்டித்தான் தேர்வுக்கு அனுமதிப்பார்கள். இந்த நாட்கள் போனால் ரத்து செய்தும் பயனில்லை.

தாவரவியல் துறைக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியாது. அங்கே இருந்த பேராசிரியரோடு எனக்கு வருடக்கணக்கில் சண்டை. மனிதர் வருகைப் பதிவேட்டில் பென்சிலால் எழுதுவார். மையால் எழுதுங்கள் சார், இது கல்லூரி ஆவணம், உங்கள் வீட்டுக் காய்கறிக் கணக்கு இல்லை என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். சிரித்துக்கொண்டே போவார். மாதக் கடைசியில் மொத்தமாக மை போட்டுத் தருவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பதிவேட்டை எடுத்து, பெயர்ப் பட்டியலின் கடைசிக்குப் போய், என் பக்கம் திருப்பி வைத்தார். எல்லாப் பெயர்களுக்கும் கீழே, பென்சிலால், கோகிலா. செமஸ்டர் தொடங்கிய நாளில் இருந்து அன்று காலை வரைக்கும் ஒவ்வொரு நாளும் குறித்திருந்தார். இரண்டு நாள் மட்டும் வரவில்லை, அதையும் குறித்திருந்தார்.

கோயம்புத்தூரில் உத்தரவு வரும்வரை அவளை வகுப்பில் உட்கார விடவில்லை என்று அவர் சொன்னார். எஸ்டேட் லயத்து வீட்டில் சும்மா உட்காராதே, பழைய காலேஜுக்கே போய் உட்காரு என்று அம்மா அனுப்பிவிட்டிருக்கிறார். அந்தப் பெண் தினமும் நடுவட்டத்தில் இருந்து வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அலுவலகப் பக்கம் மட்டும் வரவில்லை. நான் பார்த்தால் துரத்திவிடுவேன் என்று பயமாம்.

"பேரை அடிச்ச பொண்ணுக்கு எப்படி சார் வருகை போட்டீங்க?" என்று கேட்டேன்.

"பேரைத்தானுங்களே அடிச்சீங்க. பொண்ணு வந்துட்டுத்தான இருந்துச்சு. வந்துச்சு, போட்டேன்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் முன்னால் அழுவதா என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கோகிலாவை வகுப்பில் இருந்து கூப்பிட்டு, மறுநாள் அம்மாவை அழைத்து வரச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை இருவரும் வந்தார்கள். ரத்து செய்யக் கேட்டு இருவரிடமும் கையெழுத்து வாங்கினேன். தவமணி அம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. என்னம்மா இது, குடுத்ததைத் திரும்ப வாங்குறீங்களா என்று கேட்டார். பிறகு சொல்கிறேன் என்றேன். மறுபடி கையெழுத்துப் போட வரவேண்டியிருக்கும், உத்தரவு வந்தால் வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வந்துவிடுங்கள் என்றேன். அவர் முகம் சுருங்கிப் போனது.

அன்று சாயங்காலம் என் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த உதவியாளர் ஒரு யோசனை சொன்னார். பென்சில் எழுத்தைப் பல்கலைக்கழகத்தில் ஏற்க மாட்டார்கள், மேலேயே மை போட்டு எடுத்துப் போய்விடலாம் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கும் கை அரித்தது. பேனாவை எடுத்துத் திறந்தும்விட்டேன். பிறகு மூடிவிட்டேன். ஒரு முறை நல்ல எண்ணத்தில் கை வைத்துத்தான் இந்த நிலைமை. பதிவேடு இருக்கிறபடியே போகட்டும் என்றேன்.

கோகிலா அந்தக் கல்லூரியில் கொடுத்திருந்த டி.சி.யைத் திரும்ப வாங்க, புதன்கிழமை முதல் பஸ்ஸில் மலை இறங்கினேன். பையில் வருகைப் பதிவேடும், டி.சி. புத்தகமும். அந்தப் புத்தகம் அலுவலகப் பீரோவை விட்டு வெளியே போனது என் பணிக்காலத்தில் அந்த ஒரு முறைதான். முதல்வர் எழுத்தில் அனுமதி கொடுத்து, புத்தகத்தில் தங்கியிருந்த அடிக்கட்டையில் ரத்து என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். கோயம்புத்தூர்க் கல்லூரி எழுத்தர், கோப்பு மேலதிகாரியிடம் இருக்கிறது, நாளைக்கு வாங்க என்றார். நான் அவர் எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் டீ குடித்தார், பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிடப் போனார், திரும்பி வந்தார், நான் அங்கேயே இருந்தேன். மூன்று மணிக்கு அவருக்கே சலித்துப்போய் பீரோவைத் திறந்து டி.சி.யை எடுத்துக் கொடுத்தார். இடம் உண்டு என்று எழுத்திலும் வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன்.

வியாழக்கிழமை காலை பல்கலைக்கழகம். பிரிவு அலுவலர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர். ரத்தான டி.சி.யை அடிக்கட்டையோடு ஒட்டி வைத்தேன். படித்துவிட்டு, தவறு யாருடையது என்று கேட்டார். என்னோடதுங்க என்றேன். பதிவேட்டைத் திருப்பினார். பென்சில் எழுத்தைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுக்கு ஏன் மை போடலை?"

"மை போட்டிருந்தா அது நேத்து எழுதினதா இருக்குமுங்க. இது அந்தந்த நாள் எழுதினது."

அவர் பதிவேட்டை வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தார். முதல் வாரத்து எழுத்து கை பட்டுப் பட்டு மங்கியிருந்தது. இந்த வாரத்து எழுத்து கறுப்பாக இருந்தது. நடுவில் ஒரு நாள் பென்சில் முனை மழுங்கி எழுத்துத் தடித்திருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டார். மாலைக்குள் உத்தரவு என் கைக்கு வந்தது. கூடவே, என் மேல் விளக்கம் கேட்கச் சொல்லி முதல்வருக்கு இன்னொரு கடிதமும் வந்தது. அது என் பணிப்பதிவேட்டில் ஏறியது. இன்னும் இருக்கும், போய்ப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கே அலுவலகத்தைத் திறந்து வைத்திருந்தேன். வெளியே புல் எல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. தவமணி அம்மாவும் கோகிலாவும் எட்டரைக்கு வந்தார்கள். அம்மா இந்த முறை படியேறவே முடியாமல் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். புது டி.சி. எழுதினேன். முதல்வர் வீட்டில் இருந்து நேராக வந்து கையெழுத்துப் போட்டார். உத்தரவு, இடம் உண்டு கடிதம், டி.சி., வருகை நகல் நான்கையும் ஒரு உறையில் போட்டு, கோகிலாவிடம் நாலு மணிக்குள் போய்ச் சேர் என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் போய்ச் சேர்ந்தாள். மூன்றே காலுக்குச் சேர்த்துக்கொண்டார்கள் என்று மறுநாள் போன் செய்து சொன்னாள். அந்தப் படிப்பை முடித்தும்விட்டாள்.

ஆனால் உங்களுக்கு நான் சொல்ல வந்தது அது இல்லை. அன்று காலை உறையைக் கொடுத்த பிறகு, தவமணி அம்மா கிளம்பாமல் நின்றார். என் கையைப் பிடிக்கவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னார்.

"அன்னைக்கி ஒரே நடையில முடிச்சுக் குடுத்தீங்க. மனசு குளுந்து போச்சும்மா. இப்ப நாலு நாளுல ரெண்டு தடவ இந்தக் காலை வச்சுக்கிட்டு ஏற வச்சுட்டீங்க. எங்க மேல ஏதும் கோவமாம்மா?"

கோகிலா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்குப் புரிந்திருந்தது. அன்னைக்கி கொடுத்ததுதான் உங்கள் மகளைக் கெடுத்தது, இன்னைக்கி அலைய வைத்ததுதான் காப்பாற்றியது என்று அந்தக் காலை வைத்துக்கொண்டு நிற்கிறவரிடம் சொல்லவா? பஸ்ஸுக்கு நேரமாச்சு போங்கம்மா என்றேன். அவர் போய்விட்டார். உயிரோடு இருந்தால், நல்ல மேடமாக இருந்தவள் கடைசியில் ஏனோ மாறிப்போய்விட்டாள் என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருப்பார்.

உங்கள் சோலூர்ப் பையனும் நாலு முறை வரட்டும். நடுவில் உங்களை மனசுக்குள் திட்டுவான், பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவரிடம் வாய்விட்டும் திட்டுவான். வாங்கிக்கொள்ளுங்கள். உத்தரவு வரும்வரை அவன் பெயரை அடிக்காதீர்கள், வகுப்பில் உட்கார வையுங்கள். அப்புறம், தாவரவியல் துறையில் யாராவது பென்சிலால் எழுதினால் கத்தப் போகாதீர்கள். அதற்கும் எனக்குப் போன் செய்யாதீர்கள்.